காலணா வரியும் ராமேஸ்வர யாத்திரையும்

வர்ற மாசியில ராமேஸ்வரம் போறதா வீட்டில் முடிவாகியிருக்கு. நாலு பேர், மூணு ராத்திரி. மாசா மாசம் எவ்வளவு எடுத்து வைக்கணும்னு ஒரு கணக்கு போட்டேன். போட்டு முடிச்சதும் கண்ணில் பட்டது ஒண்ணுதான். ரயில், பஸ், ஆட்டோ எல்லாத்தையும் கூட்டினாலும் மொத்தத்தில் கால் பங்கு வரலை. மீதி முக்கால் பங்கும் தங்கறதுக்கும் திங்கறதுக்கும். அதாவது ஊர் போய்ச் சேர காசு கம்மி. போன ஊரில் படுத்து எழுந்திரிக்கத்தான் காசு.

இருநூறு வருஷத்துக்கு முன்னாடி இதே தஞ்சாவூரிலிருந்து இதே ராமேஸ்வரத்துக்குப் போன ஒரு ஏழைக்கு இந்தக் கணக்கு அப்படியே தலைகீழ். அவனுக்குப் போய்ச் சேர்றதுதான் பாடு. தங்கவும் திங்கவும் காலணா செலவில்லை. இது எப்படி முடிஞ்சுதுன்னு கொஞ்ச நாளா தோண்டிக்கிட்டு இருந்தேன். அதுதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்குங்க.

அந்தக் காலத்தில் டூர் ஏது, வெகேஷன் ஏது. ஊரை விட்டு வெளியே போகணும்னா ஒண்ணு கல்யாணம், ஒண்ணு சாவு, இல்லேன்னா யாத்திரை. யாத்திரைன்னு பேர் வெச்சுக்கிட்டாலும் போறவங்க எல்லாரும் சாமிக்காக மட்டுமா போனாங்க? புது ஊர், புது முகம், கடல், வழியில் நாலு கதை. நம்ம டூர்லயும் அதுதானே இருக்கு.

தஞ்சாவூரிலிருந்து தெற்கே இறங்கினா ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை. அங்கிருந்து கடலோரமா ராஜாமடம், சேதுபாவாசத்திரம், மணமேல்குடி, மீமிசல், தொண்டி, தேவிபட்டினம். அப்புறம் ராமநாதபுரம், மண்டபம். அங்கிருந்து படகில் தீவுக்கு. எப்படிப் பார்த்தாலும் இருநூறு கிலோமீட்டருக்கு மேலே. ஒரு நாளைக்கு இருபது கிலோமீட்டர் நடந்தா போக மட்டும் பன்னிரண்டு நாள் ஆகும். இது நான் சும்மா அடிச்சு விடற கணக்கு இல்லை. 1930-ல் ராஜாஜி உப்பு சத்தியாகிரகத்துக்கு ஏறக்குறைய நூறு பேரோட திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்தாரே, ஏப்ரல் 13 கிளம்பி 28-ந் தேதி போய்ச் சேர்ந்தார். பதினைந்து நாள், கிட்டத்தட்ட 150 மைல். வழியில கூட்டம் பேசி, ராத்திரி தங்கித் தங்கிப் போனா டெல்டா மண்ணில் வேகம் அவ்வளவுதான்.

இந்த ஊர்ப் பேர்களையே பாருங்க. சேதுபாவாசத்திரம்னு ஈசிஆர் போர்டுல இன்னிக்கும் இருக்கு. பஸ்ஸில் தூங்கிட்டுப் போறப்போ சத்திரம்ங்கிற பாதி நம்ம காதுல விழறதே இல்லை. தஞ்சாவூர் மராத்திய ராஜாக்கள் இந்த வழி நெடுக, ஒரு நாள் நடை, அரை நாள் நடை தூரத்துக்கு ஒண்ணா சத்திரம் கட்டி வெச்சாங்க. மீமிசல்ல ராஜகுமாராம்பாள் சத்திரம், மணமேல்குடியில திரௌபதாம்பாள் சத்திரம், வேற திசையில் நீடாமங்கலத்தில் யமுனாம்பாள் சத்திரம் (இது பிரதாபசிம்மர் காலம், அவர் ஆண்டது 1739-லிருந்து 1763 வரை). கவனிச்சீங்களா, எல்லாமே பொம்பளைங்க பேரு. கட்டினது ராஜான்னாலும் போர்டுல ராணி பேர். நம்ம ஊர் அரசியலில் பார்க்க முடியாத பெருந்தன்மை :-)

இதில் பெரிசு ஒரத்தநாட்டில் இருக்கிற முத்தாம்பாள் சத்திரம். இரண்டாம் சரபோஜி 1802-ல் கட்டினது. முத்தாம்பாள் பட்டத்து ராணி கிடையாது, ராஜாவோட அன்புக்குரியவர். சாகற நேரத்தில் என் பேரில் ஒரு சத்திரம் கட்டுங்கன்னு கேட்டதா வழிவழியா சொல்றாங்க. கட்டடத்தையே யானையும் குதிரையும் இழுக்கிற தேர் மாதிரி செஞ்சிருக்காங்க. ஒரு கைப்பிடி சோறு போடறதுக்கு இவ்வளவு அலங்காரமான்னு பார்த்தா தோணும்.

இந்தச் சத்திரங்களுக்குள்ள என்ன நடந்ததுங்கிறதுக்கு ஒரு நல்ல ஆதாரம் இருக்கு. சரபோஜி 1801-ல் தஞ்சாவூரில் இருந்த கம்பெனி ரெசிடெண்ட் பெஞ்சமின் டோரினுக்கு எழுதின கடிதம். சந்தர்ப்பம் என்னன்னா, 1799 ஒப்பந்தத்தோட நாடு மொத்தமும் கம்பெனி கைக்குப் போயாச்சு. ராஜாவுக்கு மிஞ்சினது கோட்டையும் அதைச் சுத்தின கொஞ்ச இடமும், வருஷத்துக்கு ஒரு லட்சம் பகோடாவும், நிகர வருமானத்தில் அஞ்சில் ஒரு பங்கும். சத்திரங்களை நடத்தறதுக்கு எழுதி வெச்ச கிராமங்களும் போயிடுமோன்னு பயம் வந்து, அதைத் தொடாதீங்கன்னு கெஞ்சற கடிதம் அது. கெஞ்சும்போது என்னென்ன செய்றோம்னு பட்டியல் போட்டிருக்கார். நமக்கு லாபம்.

அதுல இருக்கிற விஷயங்களை என் வார்த்தையில சொல்றேன். பிராமணர் முதல் பறையர் வரை, ஜோகி, பைராகி உட்பட, வழிப்போக்கர் எல்லாருக்கும் சோறு. சமைச்ச சோறு வாங்கிச் சாப்பிடாதவங்களுக்கு அரிசியும் மத்த சாமானும். ராத்திரி பன்னிரண்டு மணி வரை சோறு போடுவாங்க. அப்புறம் ஒரு மணி அடிச்சு, சாப்பிடாதவங்க யாராவது பாக்கி இருந்தா வாங்கன்னு கூவுவாங்க. நடக்க முடியாம நோய்ல விழுந்தவங்களுக்கு வைத்தியர், மருந்து, பத்தியச் சாப்பாடு, குணமாகற வரைக்கும். பாம்புக்கடிக்குக்கூட வைத்தியம். வர்ற வழியில் பிரசவ வலி எடுத்தா சத்திரத்துச் செலவிலேயே பிரசவம், அதுக்கப்புறம் மூணு மாசம் வரைக்கும் பராமரிப்பு. கைக்குழந்தைக்குப் பால். பெத்தவங்க வழியிலேயே செத்துப் போய் அனாதையா நிக்கிற குழந்தைகளுக்கு வாத்தியார் வெச்சுப் படிப்பு, மூணு வேளை சாப்பாடு, நாலு நாளைக்கு ஒருதரம் எண்ணெய்க் குளியல். பெரிசானதும் கல்யாணச் செலவு உட்பட!

ராஜா தன் பெருமையைத் தானே எழுதினதுதான், கொஞ்சம் கூடக் குறைய இருக்கும். ஆனா எண்ணெய்க் குளியல் எத்தனை நாளைக்கு ஒருதரம்னு கணக்கு வெச்சிருக்கிற நிர்வாகத்தை முழுப் பொய்னு தள்ள எனக்கு மனசு வரலை. இன்னொண்ணு, பெத்தவங்களை வழியில் பறி கொடுத்த பிள்ளைங்களுக்குன்னு தனி ஏற்பாடே இருந்திருக்குன்னா, இந்த வழியில் எத்தனை பேர் செத்துப் போயிருப்பாங்கன்னும் யோசிங்க. காலரா, காய்ச்சல், பாம்பு, திருடன். ஓசிச் சோறுன்னாலும் ஓசிப் பயணம் இல்லை அது.

கடிதம் ஜெயிச்சது. சத்திரங்கள் ராஜா கையிலேயே இருந்தன.

அப்போ ஒரு குடியானவன் யாத்திரைக்கு எப்படித் திட்டம் போட்டிருப்பான்? டெல்டாவில் காலண்டரை வயல்தான் தீர்மானிக்கும். ஆத்துல தண்ணி வந்துட்டா நகர முடியாது. நாத்து, நடவு, களை, அறுப்பு, போரடின்னு தை மாசம் வரை ஓட்டம். சம்பா அறுத்துப் பத்தாயத்தில் கொட்டினதுக்கு அப்புறம் மாசி, பங்குனி, சித்திரை. இந்த மூணு மாசம்தான் கையில் கொஞ்சம் நெல்லும் காலில் கொஞ்சம் ஓய்வும் ஒண்ணா இருக்கிற நேரம். திருவிழாக்களும் பாதிக்கு மேல் இந்த மாசங்களிலேயே வர்றது தற்செயல்னு எனக்குத் தோணலை.

சேமிப்பு? வீட்டுக்காரம்மாவோட சிறுவாடு. உலையில் போடற அரிசியிலிருந்து தினம் ஒரு பிடி தனியா, மோர் வித்த காசு, வறட்டி வித்த காசு, எல்லாம் ஒரு மஞ்சத்துணி முடிச்சுல. இன்னிக்கு நாம போஸ்ட் ஆபீஸ் ஆர்டி போடற மாதிரி, வட்டி மட்டும் கிடையாது. அந்த முடிச்சு எதுக்குச் செலவாச்சுன்னா படகுக்கூலி, கோயில் தட்டு, புரோகிதர், திரும்பி வர்றப்போ அக்கம்பக்கத்துக்கு சங்கும் பாசிமணியும். மத்ததைச் சத்திரம் பார்த்துக்கும்.

பண்ணையாள் கதை வேற. கூலியே நெல்லாத்தான் கிடைக்கும். மிராசுதார்கிட்ட வாங்கின கடன் தீராம ஊரை விட்டு நகர முடியாது. பறையர் வரை எல்லாருக்கும் சோறுன்னு சரபோஜி எழுதினது நிஜமாவே இருக்கலாம். ஆனா அந்தச் சத்திரம் வரைக்கும் நடந்து வர பன்னிரண்டு நாள் லீவு யார் கொடுத்தா? சத்திரத்துக்கு எழுதி வெச்ச கிராமங்களில் சேத்தில் இறங்கி அந்த நெல்லை விளைய வெச்சது அவங்கதான். வழிப்போக்கனுக்காகச் சேர்த்து வெச்சவங்க ஒருத்தர், வழி போனவங்க வேற ஒருத்தர். பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம்னு ஒண்ணு தஞ்சாவூருக்குன்னே தனியா வந்தது 1952-ல்தான்.

இந்த மாதிரி நகர முடியாதவங்களுக்குப் பக்கத்திலேயே ஏதாவது இருக்கணும் இல்லையா. ஆடிப்பெருக்கு இருந்தது. புளியோதரையும் தயிர்சாதமும் கட்டிக்கிட்டு ஆத்தங்கரை வரைக்கும் போனா அது ஒரு நாள் டூர். ஐப்பசி முழுக்க மாயவரத்தில் துலா ஸ்நானம், கடைசி நாள் கடைமுகம். அதுக்கும் வந்து சேர முடியலைன்னா கார்த்திகை முதல் தேதி முடவன் முழுக்கு. கால் விளங்காத ஒருத்தர் மெல்ல மெல்ல வந்து சேர்றதுக்குள்ள ஐப்பசி முடிஞ்சு போச்சாம், அவருக்காக ஒரு நாள் நீட்டிச்சாங்களாம். லேட்டா வந்தவனுக்கும் ஒரு நாள் சலுகை கொடுத்த ஊர் மாயவரம். எனக்கு ரொம்பப் பிடிச்ச கதை இது.

ராஜா மட்டும் எப்படிப் போனார்னு கேட்பீங்க. சரபோஜி 1820-ல் காசிக்குக் கிளம்பினார். கூடப் போனது ஏறக்குறைய மூவாயிரம் பேர். கம்பெனிகிட்ட அனுமதி வாங்கி, கூடாரம் அடிச்சு அடிச்சு, ரெண்டு வருஷப் பயணம். போன இடத்திலிருந்து புஸ்தகம் சேர்த்தார், காசிப் படித்துறைகளை ஓவியமா எழுத வெச்சார். பட்ஜெட் டூர் பத்தின பதிவில் இது எதுக்குன்னா, அந்த மூவாயிரத்தில் ராஜ குடும்பம் எத்தனை பேர் இருந்திருப்பாங்க? மத்தவங்க காவக்காரன், சமையக்காரன், பல்லக்குத் தூக்கி, மாட்டுக்காரன். சொந்தக் காசில் காசியைக் கனவுகூடக் கண்டிருக்க முடியாதவங்க. தோளில் பல்லக்கோட போனாலும் கங்கையைப் பார்த்தாச்சு.

இப்போ ரயிலுக்கு வருவோம்.

கிரேட் சதர்ன் ஆஃப் இந்தியா ரயில்வேன்னு ஒரு கம்பெனி நாகப்பட்டினத்திலிருந்து கிளம்பி 1861-ல் தஞ்சாவூரையும் 1862-ல் திருச்சியையும் தொட்டது. 79 மைல். அஞ்சாறு நாள் நடையை ஒரே நாளாக்கிட்டாங்க. (முதல்ல அகலப் பாதையா போட்டாங்க, 1875-ல் மீட்டர் கேஜா சுருக்கினாங்க, நூறு வருஷத்துக்கு மேல ஆனப்புறம் மறுபடி அகலமாக்கினாங்க. காண்ட்ராக்டர்களுக்கு எந்தக் காலத்திலும் யோகம்தான்.) அப்புறம் சவுத் இந்தியன் ரயில்வே வந்து, கும்பகோணம், மாயவரம், சிதம்பரம் வழியா மெட்ராஸ் வரை 1870கள் முடியறதுக்குள்ள கோத்துட்டாங்க. மூணாம் கிளாஸ் ரொம்பி வழிஞ்சது. திருவிழாக் கூட்டம்னா கேக்கவே வேண்டாம். கும்பகோணம் மகாமகத்துக்கு வண்டி வண்டியா ஆள் வந்து இறங்க ஆரம்பிச்சது இதுக்கப்புறம்தான்.

ஆனா மெயின் லைன் ஊர்களைத் தவிர மத்த டெல்டாவுக்கு? திருத்துறைப்பூண்டி, முத்துப்பேட்டை எல்லாம் மாட்டு வண்டிதான். கம்பெனிக்கு அந்தப் பக்கம் லாபம் தெரியலை. அப்போ தஞ்சாவூர் ஜில்லா போர்டு ஒரு காரியம் பண்ணுச்சு. நாமளே ரயில் போட்டுக்குவோம்னு முடிவெடுத்து, நிலத்து வரியில் ரூபாய்க்கு 3 பை வீதம் ரயிலுக்குன்னு தனியா ஒரு வரி போட்டாங்க.

3 பைன்னா எவ்வளவு? ஒரு ரூபாய்க்கு 16 அணா, ஒரு அணாவுக்கு 12 பை (தம்பிடின்னும் சொல்வாங்க). அப்போ 3 பைன்னா காலணா, ஒரு ரூபாயில் 64-ல் ஒரு பங்கு. நூறு ரூபாய் கிஸ்தி கட்டற மிராசுதார் ரயிலுக்குன்னு கூட ஒரு ரூபாய் ஒன்பது அணா கட்டணும். தனியாப் பார்த்தா ஒண்ணுமில்லை. ஜில்லாவே நெல்லு விளையற ஜில்லா, அத்தனை நிலமும் வருஷா வருஷம் கட்டும்போது அது மலையாகும். அந்தக் காசில் மாயவரத்திலிருந்து திருவாரூர் வழியா முத்துப்பேட்டை வரைக்கும் ஏறக்குறைய 54 மைல் பாதை 1894-ல் ஓட ஆரம்பிச்சது. வண்டியை ஓட்டினது சவுத் இந்தியன் ரயில்வே, பாதை ஜில்லா போர்டுக்குச் சொந்தம். இந்தியாவில் ஜில்லா போர்டு சொந்தமா போட்ட ரயில்களில் இதுதான் முன்னோடி. பின்னாடி அதையே பட்டுக்கோட்டை, பேராவூரணி தாண்டி அறந்தாங்கி வரைக்கும் 1900களின் ஆரம்பத்தில் நீட்டினாங்க.

சிறுவாடு வீட்டுக்கு வீடு நடந்தது. இது ஒரு ஜில்லாவே சேர்ந்து போட்ட சிறுவாடு. எனக்குத் தெரிஞ்சு தமிழ்நாட்டில் பயணத்துக்காகக் காசு சேர்த்த கதைகளில் இதுதான் பெரிசு. இவ்வளவு பெரிய விஷயம் நம்ம பள்ளிக்கூடப் புஸ்தகத்தில் ஒரு வரி இல்லை. டல்ஹௌசி, தானே, பம்பாய்னு மட்டும் படிச்சோம்.

போர்டு இதை நாம டூர் போகணும்னு போடலைங்கிறதையும் சொல்லிடறேன். நெல்லு வெளியே போகணும், உப்பு உள்ளே வரணும், அதுதான் முதல் நோக்கம். ஆனா நெல்லு மூட்டைக்குப் போட்ட பாதையில் மூணாம் கிளாஸ் பெட்டியும் ஓடினதே. கிஸ்தி கட்டின மிராசுதார் மேல் கிளாஸில் கால் நீட்டிக்கிட்டு வந்தார், அவர் நிலத்தை உழுதவன் கடைசிப் பெட்டியில் நின்னுக்கிட்டு வந்தான். எல்லாரும் யாத்திரை போனதாவும் நினைச்சுக்காதீங்க. இதே பாதையில் நாகப்பட்டினம் போய் கப்பலேறி மலாயாவுக்குப் போனவங்க எத்தனையோ பேர். அவங்களுக்கு அது ஒன்வே டிக்கெட்.

ரயில் வந்ததும் சத்திரம் காலியாச்சு. பன்னிரண்டு நாள் நடக்கிறவனுக்குப் பன்னிரண்டு சத்திரம் வேணும். ரயிலில் போறவனுக்கு வழியில் ஒண்ணுமே வேணாம். 1902-ல் மதுரையிலிருந்து மண்டபத்துக்குப் பாதை வந்தது. 1914 பிப்ரவரியில் பாம்பன் பாலம் திறந்தாச்சு. தஞ்சாவூர்க்காரங்க திருச்சி, மதுரை, மானாமதுரைன்னு சுத்திக்கிட்டு உட்கார்ந்த இடத்திலேயே ராமேஸ்வரம் போய் இறங்கலாம். ஒரத்தநாடு, மீமிசல் பக்கம் யார் நடக்கப் போறா?

இதுல வேடிக்கை என்னன்னா, 1855-ல் கடைசி ராஜா வாரிசில்லாம இறந்து ராஜ்யம் முடிஞ்சதும் சத்திரங்கள் சர்க்கார் கைக்கு வந்து, அப்புறம் அதே ஜில்லா போர்டு கைக்குத்தான் வந்தது. ஒரு கையில் நடந்து போறவனுக்கான சத்திரம், இன்னொரு கையில் நடையையே ஒழிச்ச ரயில். ரெண்டுக்கும் ஒரே ஆபீஸ்!

ஆனா சத்திரத்துக்கு எழுதி வெச்ச நிலம் அப்படியே இருந்ததே, நெல்லு வந்துக்கிட்டுத்தானே இருக்கும்? அது படிப்புப் பக்கம் திரும்பிச்சு. திருவையாற்றில் சமஸ்கிருதக் கல்லூரி நடந்தது. ஒரத்தநாட்டிலும் ராஜாமடத்திலும் மாணவர் விடுதி. யாருக்கு விடுதிங்கிறதுதான் கேள்வி. ஊர் நெல்லில் சமைச்ச சோறு ரொம்ப நாள் ஒரு ஜாதிப் பிள்ளைங்களுக்குத்தான் போய்க்கிட்டு இருந்தது. 1920களில் ஏ.டி. பன்னீர்செல்வம் ஜில்லா போர்டு தலைவரா வந்ததும் இதை உடைச்சார். திருவையாற்றில் தமிழையும் சேர்த்தார். தமிழவேள் உமாமகேசுவரனாருக்கும் அதில் பங்கு உண்டு. விடுதிகளில் மத்த ஜாதிப் பிள்ளைங்களும் உட்கார்ந்து சாப்பிட்டாங்க. (பன்னீர்செல்வம் 1940 மார்ச் 1-ந் தேதி லண்டன் போற வழியில் ஹானிபல் விமானத்தோட ஓமன் வளைகுடாவில் காணாமப் போனார். கிடைக்கவே இல்லை.)

பந்தியில் யார் பக்கத்தில் யாருங்கிற சண்டை சத்திரத்தோட முடிஞ்சுடலை. ரயில் பெட்டியில எல்லாரும் இடிச்சுக்கிட்டு உட்காரலாம். ஸ்டேஷனில் இறங்கிச் சாப்பிடப் போனா பிராமணாளுக்குத் தனி இடம், மத்தவங்களுக்குத் தனி இடம். பெரியார் போராடி, 1941-ல்தான் ரயில்வே அதை எடுத்தது. ராத்திரி பன்னிரண்டு மணிக்கு மணி அடிச்சு எல்லாரையும் கூப்பிட்ட சத்திரத்திலும் எல்லாருக்கும் ஒரே பந்தின்னு சரபோஜியோட கடிதத்தில் எங்கேயும் இல்லை.

சோறு போடறதை நிறுத்தினா பயணம் நின்னுடும்னு நல்லாத் தெரிஞ்ச ஒருத்தர் தஞ்சாவூரில் இருந்தார். கலெக்டர் தார்ன். ராஜாஜி நடை வந்தப்போ அவர் பெரிசா போலீஸை நிறுத்தலை, அவங்களுக்குச் சாப்பாடும் இடமும் கொடுத்தா ஜெயில்னு உத்தரவு போட்டார். ஜனங்க சாப்பாட்டைப் பொட்டலமா கட்டி மரக்கிளையில் தொங்க விட்டாங்க. வழிப்போக்கனுக்குச் சோறு போட்டே பழகின ஜில்லா.

காலணா ரயிலுக்குத் திரும்பலாம். 1952-ல் அறந்தாங்கி காரைக்குடியோட இணைஞ்சது. மீட்டர் கேஜ் காலத்தில் கம்பன் எக்ஸ்பிரஸ்னு ஒண்ணு மெட்ராசிலிருந்து மாயவரம், திருவாரூர், பட்டுக்கோட்டை வழியா காரைக்குடிக்கு ஓடினது பட்டுக்கோட்டைப் பக்கத்து ஆளுங்களுக்கு ஞாபகம் இருக்கும். அதுக்கப்புறம் கேஜ் மாத்தறோம்னு பிடுங்கிப் போட்டாங்க. மயிலாடுதுறை–திருவாரூர் 2012-ல் திறந்தது. பட்டுக்கோட்டை வழியா காரைக்குடி வரைக்கும் முழுசா ஓட 2019 ஆயிடுச்சு. அப்பவும் கேட் கீப்பர் பத்தலைன்னு ரயிலிலேயே ஆளை ஏத்திக்கிட்டு, ஒவ்வொரு கேட்டா இறங்கி மூடி, வண்டி போனதும் திறந்து, மறுபடி ஏறி... நூத்தம்பது கிலோமீட்டருக்கு ஆறு மணி நேரத்துக்கு மேல. மாட்டு வண்டிக்குப் பந்தயம் கட்டலாம்.

பாம்பனிலும் பழைய பாலத்தில் 2022 டிசம்பரோட ரயில் நின்னு போச்சு. புதுப் பாலம் 2025 ஏப்ரல் 6-ந் தேதி திறந்தாங்க. அன்னிக்குத் தொடங்கி வெச்ச தாம்பரம்–ராமேஸ்வரம் வண்டி எந்த வழியாப் போகுது தெரியுமா? மயிலாடுதுறை, திருவாரூர், திருத்துறைப்பூண்டி, பட்டுக்கோட்டை, அறந்தாங்கி, காரைக்குடி. அந்த 3 பை வரியில் போட்ட அதே தடம். 1894-ல் நெல்லு மூட்டைக்காக ஆரம்பிச்சது இப்போ நேரா சேதுவுக்கே போகுது. சத்திரத்து வழி கடலோரமா, ரயில் கொஞ்சம் உள்ளே தள்ளி. அவ்வளவுதான் வித்தியாசம்.

எங்க கணக்கும் இதனால் மாறிப்போச்சு. இது ராத்திரி வண்டி, விடிகாலையில் ராமேஸ்வரத்தில் இறக்கி விடும். பட்டுக்கோட்டை வரைக்கும் டவுன் பஸ்ஸில் போய், அங்கே ஏறினா ஒரு ராத்திரி ரூம் வாடகை மிச்சம். திரும்பறதும் ராத்திரின்னா இன்னொண்ணு மிச்சம். மூணு ராத்திரியில் ரூமுக்குக் காசு கொடுக்கப் போறது ஒண்ணே ஒண்ணுக்குத்தான். மத்தியானச் சாப்பாட்டுக்குக் கோயில் அன்னதானம் இருக்கு. 2002-ல் கோயில்களில் ஆரம்பிச்ச திட்டம், அதை ஓசின்னு கூச்சப்படறவங்க சரபோஜி கடிதத்தை இன்னொரு தடவை படிங்க. முதல் ராத்திரிக்குப் புளியோதரை. ஜாதிச் சத்திரங்களும் மடங்களும் ராமேஸ்வரத்தில் நிறைய இருக்கு, சல்லிசாவும் கிடைக்கும். ஆனா சில இடத்தில் எந்த ஊர்னு ஆரம்பிச்சு என்ன ஆளுங்கன்னு முடிப்பாங்க. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லி மிச்சம் பிடிக்கிற காசு எங்களுக்கு வேணாம்னு வீட்டம்மா சொல்லிட்டாங்க. நானும் அதேதான்.

மாசாந்திர சேமிப்பு முதலில் போட்டதில் பாதிதான் வருது இப்போ.

ஒரு உதவி. கீழத்தஞ்சைப் பக்கம் பழைய வீடுகளில் மரப்பெட்டிக்குள்ள கணக்கு நோட்டு கிடக்கும். தாத்தா, கொள்ளுத்தாத்தா யாராவது யாத்திரை போன செலவை எழுதி வெச்சிருப்பாங்க, படகுக்கூலி இவ்வளவு, தேங்காய் இவ்வளவுன்னு. அப்படி ஏதாவது உங்க வீட்டில் இருந்தா கரையான் அரிக்கிறதுக்கு முன்னாடி ஒரு போட்டோ எடுத்து வைங்க. ரயிலுக்குக் கட்டின காலணா வரி ரசீது யார்கிட்டயாவது இருந்தா, பட்டுக்கோட்டை ஸ்டேஷன் வாசலில் வெச்சு உங்களுக்கு டீ என் செலவு.